ஒன்பதாம் நாள் என்று எழுதினேன்

போன மாதம் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மேசைமேல் கிடந்த படிவங்களைக் கேட்காமலே எடுத்துப் புரட்டினேன். முப்பது வருஷம் தோட்டத்து டிரெஸராக இருந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. உங்களை இப்போது ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட் என்கிறார்கள். வேலை அதேதான். அவை சோதனைக்கு ரத்தம் அனுப்பும் படிவங்கள், ஏழு பேருடையவை. ‘காய்ச்சல் எத்தனையாவது நாள்’ என்ற கட்டத்தில் ஏழிலும் எட்டு என்றே எழுதியிருந்தது. ஏழு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வர அது என்ன தேர்த் திருவிழாவா என்று கேட்டேன். உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “அது சும்மா ஃபார்முக்குத்தான் லா, ஐயா. எட்டுன்னு போட்டா லேப்ல திருப்பி அனுப்ப மாட்டாங்க,” என்றார்.

அதற்கு நான் சொன்ன வார்த்தைகள் மரியாதையானவை அல்ல. கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டேன். இதை மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் நானும் ஒரு முறை பொய் எண்ணை எழுதினேன். அது என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இந்தக் கதையில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலாயாவில், கிள்ளானிலிருந்து மேரு போகும் சாலையில் ஒரு ரப்பர்த் தோட்டம். டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை காரில் வந்து, கட்டில்களுக்கு நடுவில் வேகமாக ஒரு நடை நடந்துவிட்டுப் போவார். மற்ற ஆறு நாளும் டாக்டர், நர்ஸ், வழக்குத் தீர்க்கும் பஞ்சாயத்து எல்லாம் நான்தான். தோட்டத்தில் எனக்கு நல்ல பேர். அந்தப் பேர்மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆசை இருந்தது.

கீழ் லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசை முழுவதற்கும், ஒரே கிணறு. அது பள்ளத்தில் இருந்தது, கக்கூஸ் வரிசை மேட்டில் இருந்தது. மழை பெய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிணற்றை மூடிவிட்டு ரப்பர் ஆலைக்குழாயிலிருந்து தண்ணீர் விடச் சொல்லித் தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரையிடம் இரண்டு முறை கேட்டேன். துரை தமிழ்ப் பரீட்சை தேறியவர். எல்லோரிடமும் தமிழில்தான் பேசுவார், எல்லோரையும் ‘நீ’ என்பார்.

“பேப்பர் கொண்டா, டிரெஸர். கெணறு கெட்டுப்போச்சுன்னு பேப்பர் வேணும். உன் வாய் எனக்கு வேணாம்,” என்றார்.

நீங்கள் கேட்பீர்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கலாமே என்று. சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து நிற்க வேண்டிய பெண், சோற்றுக்கே அவசரமாக அடுப்பு மூட்டுகிறவள், தண்ணீருக்கு இன்னொரு முறை விறகு வைப்பாளா? ஊருக்கு உபதேசம் சொல்வது சுலபம்.

அப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை கோவிந்தன் என்கிற பால்வெட்டுக்காரன் தன் மனைவி அஞ்சலையைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். சுரம் கொயினா மருந்துக்கு அசையவில்லை. நாக்கு வெள்ளை பூத்திருந்தது. உடம்பு கொதித்தாலும் நாடி மெதுவாகவே நடந்தது. அவள் கண்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. டைபாய்டு. அதே நிமிஷத்தில் இன்னொரு நினைப்பும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இவள் ரத்தத்தில் டைபாய்டு என்று எழுதி வந்தால், துரை கேட்ட பேப்பர் அதுதான்.

“எத்தனை நாளாச்சு அஞ்சல?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை தலவலியா ஆரம்பிச்சிதுங்கய்யா. இன்னிக்கு நாலாம் நாளு. அன்னிக்கு மேலுக்கு முடியலன்னாலும் பெரட்டுக்குப் போனேன். சனிக்கிழமையிலேருந்து எந்திரிக்க முடியல.”

தெளிவாகச் சொன்னாள். இதைவிடத் தெளிவாக எந்த நோயாளியும் என்னிடம் நாள் சொன்னதில்லை.

இங்கே கொஞ்சம் நின்று ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும், ஆனால் பாடத்தில் வருவது பரீட்சையோடு போய்விடுகிறது. கிருமி உடம்புக்குள் வந்தால், அதைப் பிடித்துக் கட்டும் பொருளை உடம்பு தானே செய்துகொள்கிறது. புத்தகங்களில் இப்போது எதிர்ப்பொருள் என்கிறார்கள். எங்களுக்கு அதற்குத் தமிழில் பெயர் இல்லை. நோயாளியின் ரத்தத்தின் தெளிநீரில் டைபாய்டுக் கிருமியைக் கலந்து பார்ப்பார்கள். அந்தப் பொருள் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாக நிற்கும், ரப்பர்ப் பாலில் அமிலம் விட்டதுபோல. இல்லாவிட்டால் அவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். ஆனால் உடம்பு அதை நினைத்தவுடன் செய்துவிட முடியாது. ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நாலாம் நாள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால், ‘இன்னும் இல்லை’ என்றுதான் அர்த்தம். ஒன்பது பத்தாம் நாள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால், பெரும்பாலும் நோய் டைபாய்டு இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ரத்தம் ஒரே பதிலைத்தான் சொல்கிறது. அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்பது நீங்கள் எழுதும் நாளில் இருக்கிறது.

கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனையைச் செய்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர். எட்டாம் நாளுக்கு முன் எடுத்த ரத்தத்தைச் சோதிக்காமலே திருப்பி அனுப்புவார், சிவப்பு மையில் இரண்டு வரி எழுதி. அந்தச் சிவப்பு வரிகள் என்னிடம் ஏற்கெனவே இரண்டு மூன்று இருந்தன.

எனக்கு நாலு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை. அந்த நாலு நாளும் கீழ் லயம் முழுவதும் அந்தக் கிணற்றில் குடிக்குமே என்று என்னை நானே நியாயப்படுத்திக்கொண்டேன். சில பேருக்குச் சீக்கிரமே ரத்தத்தில் காட்டிவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். பேனாவை எடுத்து, ‘ஒன்பது’ என்று எழுதி, அன்றைக்கே ரயிலில் அனுப்பிவிட்டேன். நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய் என்று உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. கோவிந்தனை அழைத்து, “கெணத்துத் தண்ணி வேணாம். ஆலைக்குழாயில பிடிச்சிக்க, தூரமா இருந்தாலும் பரவால்ல,” என்றேன். அவன் தலையாட்டினான். இரண்டு நாள் மண்ணெண்ணெய் டின்னில் ஆலையிலிருந்து தண்ணீர் சுமந்ததை நானே பார்த்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. புதன்கிழமை பேப்பர் வந்தது. ‘இல்லை’ என்று வந்தது.

தபாலை ஆபீசில்தான் பிரிப்பார்கள். துரை, கணக்கெழுதும் கிராணி, நான். வாசலில் கோவிந்தன் நின்றான். மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்க வந்தவன். துரை பேப்பரை ஆட்டிக்கொண்டு, “டைபாய்ட் இல்லே. கெணறு நல்லா இருக்கு. டிரெஸர் சும்மா சத்தம் போட்டான்,” என்றார். கிராணி படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே திரும்பினான்.

“ஏண்டா, ஒன் பொண்டாட்டி ஒம்போது நாளா காய்ச்சலை மறைச்சி வச்சிருந்தாளா? தெரியப்படுத்த மாட்டீங்களா?”

“நாலு நாளுதாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தன்னிக்கு நாலாம் நாளுங்க.”

“அப்ப பேப்பர் பொய் சொல்லுதா?”

கோவிந்தன் என்னைப் பார்த்தான். கிராணியும் பார்த்தான். துரை பார்க்கவில்லை, அவருக்கு வேறு வேலை இருந்தது. தம்பிகளே, வாழ்க்கையில் சில நிமிஷங்கள் அப்படி வரும், வாய் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். ‘நான்தான் தப்பாக எழுதினேன், இந்தப் பேப்பருக்கு அர்த்தமில்லை’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் தரையைப் பார்த்தேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய பயம், கிராணி முன்னால் பொய்யன் ஆகிவிடுவேன் என்பது. இவ்வளவு அற்பமான காரணம் என்று இன்றைக்கும் நினைத்தால் கசக்கிறது.

படியிறங்கும்போது கோவிந்தன் பின்னாலேயே வந்தான். நாள் கணக்கைப் பற்றி அவன் கேட்கவில்லை. “அய்யா, அப்ப அந்தக் கெணத்துத் தண்ணிய குடிக்கலாங்களா?” என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியும் குடிக்கக் கூடாதென்று. ஆனால் கூடாது என்றால் ஏன் என்பான்.

“பேப்பர்ல ஒண்ணும் இல்லப்பா,” என்றேன்.

அவன் அதைக் குடிக்கலாம் என்று எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? மறுநாளிலிருந்து டின் ஆலைப்பக்கம் போகவில்லை.

அஞ்சலைக்கு உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தன, பிதற்ற ஆரம்பித்தாள். கீழ் லயத்திலிருந்து இன்னும் மூன்று பேர் அதே காய்ச்சலோடு வந்தார்கள். முதல் ரத்தம் எடுத்து எட்டு நாள் கழித்து இரண்டாவது ரத்தம் எடுத்தேன். உண்மையில் அன்று பன்னிரண்டாம் நாள். ஆனால் முதல் பொய்யோடு ஒத்துப்போக வேண்டுமே. ‘பதினேழு’ என்று எழுதினேன். பொய் அப்படித்தான், ஒன்றோடு நிற்காது.

இந்த முறை கிருமிகள் அத்தனையும் கட்டியாகி நின்றதாகப் பதில் வந்தது. அன்றே கிணற்றை மூடினார்கள். துரை எனக்குக் கைகொடுத்தார். கீழ் லயத்துப் பெண்கள் என்னை மகராசன் என்றார்கள். கிராணி மட்டும் கணக்குப் போட்டுப் பேசிக்கொண்டு திரிந்தான். ‘ஒம்போது நாளு காய்ச்சலோட கெணத்தடிக்குப் போனாளே, அவதான் ஊருக்கே சீக்கு வெச்சா’ என்று. வாந்தி வந்தவளைக் கிணற்றடியில் வாளியோடு கண்டேன் என்று இரண்டு பேர் பார்க்காததையும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் இந்த வாயை நான் மூடியிருக்கலாம், ஒரே வார்த்தையில்.

பதிலோடு எனக்குத் தனியாக அந்த யாழ்ப்பாணத்துக்காரரின் கடிதம் ஒன்றும் வந்திருந்தது, சிவப்பு மையில். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கவும் என்று முகவரி எழுதியிருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அவருடைய வீடு. நாற்காலி காட்டினார். தேநீர் வந்தது. குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“ஒன்பதாம் நாள் ரத்தத்திலை ஒண்டும் இல்லையெண்டு நானும் நம்பிக் கையெழுத்து வச்சிட்டன். அப்பிடியும் சில பேருக்கு நடக்கிறதுதான். ரெண்டாம் ரத்தத்தைப் பாத்த பிறகுதான் யோசிச்சனான். முதல் ரத்தம் எத்தினையாம் நாள் எடுத்தது, தம்பி?”

“நாலாம் நாள் சார்.”

“எட்டுக்கு முதல் அனுப்பாதையுங்கோ எண்டு நான் ஏன் எழுதிறனான்? பொழுது போகாமலோ?”

கிணற்றை மூடவைக்கத்தான் அப்படி எழுதினேன் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“நீர் ஒரு கடிதம் எழுதும், நாள் பிழையெண்டு. தோட்டத்துக்கும் ஒண்டு, எங்கடை ஆபீசுக்கும் ஒண்டு. ஒரு கிழமை பாக்கிறன். நீர் எழுதாட்டி நான் எழுதுவன்.”

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதவில்லை. அவரும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாது. இரக்கமா, தன் கையெழுத்தும் அந்தப் பேப்பரில் இருக்கிறதே என்ற யோசனையா? அவருடைய சிவப்பு வரிகளிலிருந்துதான் நான் வேலையைக் கற்றேன். அதற்கு நன்றி உண்டு. இந்த ஒன்றுக்கு நான் அவருக்கு நன்றி சொன்னதும் இல்லை, அவரை மன்னித்ததும் இல்லை.

கிணறு மூடி ஒரு வாரம் கழித்துக் கோவிந்தன் படுத்தான். எந்தச் செம்புத் தண்ணீரில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் தடுத்ததற்கு முன் குடித்ததாகவும் இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ஐப் பிடித்துக்கொண்டு பல வருஷம் தொங்கிப் பார்த்திருக்கிறேன். கை வலித்ததுதான் மிச்சம்.

அதற்குள் அஞ்சலைக்குச் சுரம் இறங்கி, எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஒருநாள் பெரிய வாத்தியார்போல அவளிடம் சொல்லியிருந்தேன், “ஒன் ரத்தம் அந்தக் கிருமியோட சண்டை போடக் கத்துக்கிச்சு அஞ்சல. இனிமே பயமில்ல,” என்று. அவள் அதை மனதில் வைத்திருந்தாள். கோவிந்தனுக்கு வயிறு உப்பத் தொடங்கிய அன்று, சுவரைப் பிடித்துக்கொண்டே ஆண்கள் பக்கம் நடந்து வந்து, என் முன்னால் கையை நீட்டினாள்.

“இதுல இருக்குன்னு சொன்னீங்களே. எடுத்து அவருக்கு ஊத்துங்கய்யா.”

டாக்டரிடம் சொன்னேன். டைபாய்டுக்கு அப்படிக் கொடுத்துப் பெரிய பலன் கண்டதாகத் தெரியவில்லை, நிற்கவே முடியாதவளிடம் ரத்தம் எடுப்பதா என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். அவர் சொன்னது நியாயம்தான். அதை அஞ்சலையிடம் சொன்னபோது, “கொஞ்சமா எடுத்தாக்கூட ஆவாதா?” என்றாள். ஆகாது என்றேன். அப்போதும் கையை மடக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்கு மூன்றாம் நாள் கோவிந்தனுக்குக் குடல் ஓட்டையானது. அன்று மாலையே போய்விட்டான். அவனுடைய ரத்தத்துக்குக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை.

இன்னும் முடியவில்லை. முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

கோவிந்தனுடைய அண்ணன் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலியாட்களை மேற்பார்க்கும் தண்டல். கருமாதிக்கு வந்தவன் கிராணி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டான். காய்ச்சலை மறைத்துப் புருஷனுக்கே வைத்தவளிடம் தன் வீட்டுப் பிள்ளையை விடமாட்டேன் என்று கிளம்பினான். அஞ்சலைக்கு ஒரே மகள், நாலு வயது. அவளைத் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னான்.

அஞ்சலை ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. “அய்யா, நீங்க வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நாலு நாளுதான்னு சொல்லுங்க. நான் ஒங்ககிட்ட நாலுன்னுதானே சொன்னேன்? நீங்க சொன்னா அவரு கேட்டுக்குவாரு. எம் புள்ளைய விட்டுருவாரு.”

போனேன். லயத்து வாசலில் ஊரே நின்றது, கிராணி உட்பட. அந்த அண்ணன் நல்லவன்தான். எழுந்து நின்று கும்பிட்டான்.

“அய்யா படிச்சவரு. நீங்க சொன்னா சரி. அவ ஆஸ்பத்திரிக்கு வந்தன்னிக்கு நாலு நாளா, ஒம்போது நாளா?”

அஞ்சலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு என்றால், ஒன்பது என்று எழுதியது யார் என்ற அடுத்த கேள்வி கிராணியிடமிருந்து வரும். அதற்கு அடுத்ததாக, அந்தப் பேப்பரை நம்பிக் கோவிந்தன் எந்தத் தண்ணீரைக் குடித்தான் என்ற கேள்வி வரும்.

“பேப்பர்ல ஒம்போதுன்னுதான் இருக்கு,” என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். பேப்பரில் அப்படித்தான் இருந்தது. பிள்ளையை லோரியில் ஏற்றினார்கள். அது அழவில்லை, லோரியில் போகிற சந்தோஷத்தில் எல்லோருக்கும் கை காட்டியது. அஞ்சலை என்னைத் திட்டுவாள், மண்ணை வாரி வீசுவாள் என்று காத்து நின்றேன். அவள் லயத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தம்பிகளே, அந்தக் கட்டத்தில் தெரிந்த நாளை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், சிவப்பு மையில் திட்டட்டும். தப்பாக எழுதிவிட்டீர்களா, அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். மறுநாள் அது கனமாகிவிடும், அடுத்த வாரம் தூக்கவே முடியாது. நான் சொல்லாமல் காப்பாற்றிய வேலையில் இன்னும் இருபத்தைந்து வருஷம் இருந்தேன். மாலை போட்டுத்தான் அனுப்பிவைத்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் அதன்பிறகு ஆறு வருஷம் இருந்தேன். அஞ்சலையும் அங்கேதான் பால் வெட்டினாள். ஆஸ்பத்திரிப் படியை மட்டும் மிதிக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் அவள் பெரட்டுக்கு வரவில்லை, காய்ச்சலாம் என்று சொன்னார்கள். நானே மருந்துப் பையோடு லயத்துக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நின்று, “எத்தனை நாளா காய்ச்சல் அஞ்சல?” என்று கேட்டேன்.

போர்வைக்குள்ளிருந்து அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“எத்தன வேணுமோ நீங்களே எழுதிக்கங்கய்யா,” என்றாள்.